ஒரு சிலிண்டர் எத்தனை நாள்

மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை.
இருபத்தொன்பதரை கிலோவைத் தோளில் ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு
வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க
படிக்கட்டு திரும்புகிற இடத்தில் ஒரு நிமிஷம் கிடைக்கும்.
அதற்கு மேல் மூச்சு வாங்கும்.

ஓட்டேரியிலிருந்து அயனாவரம் வரைக்கும்
பதினாறு வருஷம்.
எல்லார் செல்போனிலும் என் பெயர் ‘கேஸ்’.

எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்.
மாமியார் மருமகள் உள்ள வீட்டில் இருபத்தெட்டு நாள்.
பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால்
ராத்திரி டீ அதில் இரண்டைத் தின்னும்.
பேச்சுவார்த்தை நின்றுபோன வீட்டில் சீக்கிரம் தீரும்,
ஆளுக்கு ஒரு உலை.
தனி ஆளுக்கு நாலு மாசம்.
ஐந்தும் வரும்.
‘எனக்கென்னப்பா, ஒரு ரசம்’ என்பார்கள்,
ரசீதை வாங்காமலே கதவைச் சாத்துவார்கள்.

பெர்னபாஸ் சார் நூற்று முப்பது நாள்.
ரயில் பெட்டிக்கு வெல்டிங் வைத்து ஓய்வு பெற்றவர்.
நான் எட்டு நாள் தாமதமாய்ப் போனாலும்
‘பரவால்ல, அவசரம் என்ன’ என்பார்.
நல்ல மனுஷன் என்று நினைத்திருந்தேன்.

ஒரு மாசி மாதம்
நாற்பத்தோராவது நாளே புக்கிங் வந்தது.
சோப்பு நுரை எடுத்துக்கொண்டுதான் போனேன்.
‘எங்கயாச்சும் கசியுதா சார்?’
‘கசியலப்பா’ என்றவர் காது சிவந்திருந்தது.
உள்ளே எண்ணெயில் நெத்திலி பொரிகிற சத்தம்,
ஜன்னல் கம்பியில் பூப்போட்ட குடை.
யார் என்று நான் கேட்கவில்லை.
பழைய வாஷரைக் கழற்றிப் புதுசு போட்டேன்,
அதற்குக் காசு வாங்கவில்லை.

அப்புறம் முப்பத்தொன்பது.
டிசம்பரில் இருபத்தாறு,
அந்தத் தெருவுக்கே கல்கல் சுட்டார்கள் போல.
ஒரு தடவை இரண்டே நாள் தாமதம்,
மாடிப்படியிலேயே நின்று என்னைப் பிடித்துத் திட்டினார்:
‘ரெண்டு நாளா வீட்ல என்னய்யா பண்றது?’
‘வீட்ல’ என்றார்.
எனக்குக் கோபம் வரவில்லை.
இறங்கும்போதுதான் புரிந்தது.
ஒருத்தர் காத்திருந்தால்தானே
தாமதம் என்று ஒன்று உண்டு.
பரவாயில்லை என்று பத்து வருஷம் சொன்னது
நல்ல மனசால் இல்லை.

போன வருஷம் புக்கிங் வரவில்லை.
அறுபது நாள். தொண்ணூறு.
அந்தத் தெருவில் வண்டி திரும்பும்போது
மேலே பார்க்காமல் இருக்கப் பழகினேன்.
நூற்று முப்பத்தேழாவது நாள் வந்தது.

தூக்கிக்கொண்டு ஏறினேன்.
பழையதை அசைத்துப் பார்த்தேன், கனமாய் இருந்தது.
‘பாதிக்கு மேல இருக்கே சார்.’
‘தெரியும்’ என்றார்.
குடை அதே கம்பியில்.
அதன் மேல் இருந்த தூசி மட்டும் துடைத்திருந்தது.
‘உட்காரு. ஒரு டீ குடிச்சிட்டுப் போ.’

அடுப்புப் பற்ற மறுத்தது.
மூன்றாவது தடவைதான் நீலம் வந்தது.
இரண்டு பேருக்குப் பால் எவ்வளவு என்று
அவர் கை யோசிக்கவே இல்லை.
சர்க்கரை கூட.
அம்சவல்லி என் தங்கச்சி மாதிரி போடுவாள் அப்படி
என்று சொல்ல வந்து,
அது பொய் என்பதால் நிறுத்திக்கொண்டேன்.
அம்சவல்லி என் மனைவி.
அரக்கோணத்தில் இருக்கிறாள், மகனோடு, ஏழு வருஷமாக.
என் வீட்டுச் சிலிண்டர் நூற்றுப் பதினெட்டு நாள்.
இந்தக் கணக்கை நான் யாரிடமும் சொன்னதில்லை.
‘டீ ஆறுது’ என்றார் அவர்.

அன்றைக்கு அங்கே எரிந்தது
இருபது கிராம் இருக்குமா?
நிறைந்த சிலிண்டரை அப்படியே தூக்கிக்கொண்டு
மூன்று மாடியும் இறங்க வேண்டும்.
கீழே வெயிலில் பதினோரு சிலிண்டர்,
வண்டிப் பையன் ஹார்னில் கையை வைத்துக்கொண்டு
‘அண்ணே, லேட்டாவுது’ என்று கத்தினான்.

டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.
எங்கேயோ யாருக்கோ
லேட்டாகிக்கொண்டிருந்தது.